சிரித்தால் சீட்டு கிழியும்

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஒருவர் மீது கடுமையான குற்றச்சாட்டு எழுந்தது. கஜானாவில் கை வைத்தார் என்பதல்ல. டெண்டரில் கமிஷன் அடித்தார் என்பதுமல்ல. அதெல்லாம் நம் ஊரில் குற்றக் கணக்கில் சேர்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. அவர் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். எதிர்க்கட்சித் தலைவரும் பதிலுக்குச் சிரித்தார். ஓ.பன்னீர்செல்வமும் மு.க.ஸ்டாலினும் பரிமாறிக்கொண்ட அந்தப் புன்னகையைச் சதிக்குச் சாட்சியாக ஊர் முன்னால் எடுத்து வைத்தவர், அப்போது அ.தி.மு.க. பொதுச்செயலாளராக இருந்த வி.கே.சசிகலா. ஜெயலலிதா நினைவிடத்தில் கண்ணை மூடித் தியானம் செய்து எழுந்த மனிதர், சிரிப்பது மனித இயல்பு என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அடுத்து எடப்பாடி பழனிசாமி முதல்வரானார். தயவுசெய்து என்னைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள் என்று அவருக்கு ஸ்டாலின் அறிவுரை சொன்னார். கிண்டல்தான். ஆனாலும் அந்த மாதம் தமிழ்நாட்டில் சொல்லப்பட்ட அறிவுரைகளிலேயே அதிகப் பயனுள்ளது அதுவாகத்தான் இருக்கும்.

அதே பிப்ரவரி 18ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. பேரவைத் தலைவரின் நாற்காலியில் தி.மு.க. உறுப்பினர் ஏறி உட்கார்ந்தார். மைக் உடைந்தது, காகிதம் பறந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்களை அவைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். இதற்காக யாருடைய கட்சி விசுவாசத்தையும் யாரும் சந்தேகப்படவில்லை. சிரித்தால் துரோகம், கிழித்தால் தியாகம். நாம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டும் சட்டமன்றத்தின் ஒழுக்க விதி இது.

சிரிக்கக் கூடாது என்ற சட்டத்தில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது எல்லோருக்கும் பொதுவான சட்டம் இல்லை என்பதில்தான் வயிறு எரிகிறது. பன்னீர்செல்வம் விஷயம் ஏதோ தவறிப்போய் மேல்மட்டத்தில் வெடித்த ஒன்று. மற்றபடி மேலே நாகரிகத்துக்குப் பஞ்சமே கிடையாது. அங்கே கைகுலுக்கல் உண்டு, பொன்னாடை உண்டு, வீட்டு விசேஷத்துக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்கும் மரியாதை உண்டு, உடல்நலம் விசாரிப்பு உண்டு, விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பேரக்குழந்தையின் படிப்பைப் பற்றிப் பேசுவது உண்டு. பகையெல்லாம் கீழே. விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே எல்லாக் கட்சிகளும் தொண்டனுக்குத் தவறாமல் வழங்கிவரும் இலவசம் பகை ஒன்றுதான். அதற்கு மட்டும் ரேஷன் அட்டை கேட்பதில்லை.

2020 அக்டோபரில் எடப்பாடி பழனிசாமியின் தாயார் இறந்தார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் அவருடைய சென்னை வீட்டுக்கே போய் ஆறுதல் சொன்னார். 2021 செப்டம்பரில் பன்னீர்செல்வத்தின் மனைவி இறந்தபோது, அதற்குள் முதல்வராகிவிட்ட ஸ்டாலின் மருத்துவமனைக்குப் போனார். புன்னகையைக் குற்றமாக்கிய சசிகலாவும் அங்கே வந்தார். நல்ல காரியங்கள். சாவு வீட்டில் கட்சி பார்க்கிறவன் மனிதனில் சேர்த்தி இல்லை. ஆகையால் இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் 2021 மார்ச் என்று ஒரு மாதம் வந்தது. தி.மு.க.வின் ஆ.ராசா பிரச்சார மேடையில் ஸ்டாலினையும் எடப்பாடியையும் ஒப்பிடக் கிளம்பி, எடப்பாடியின் பிறப்பைத் தொடும் உவமை ஒன்றை எடுத்து வீசினார். அரசியல் வளர்ச்சியைத்தான் ஒப்பிட்டேன், திரித்துவிட்டார்கள் என்றார். பிறகு மன்னிப்பும் கேட்டார். தேர்தல் ஆணையம் அவருக்கு 48 மணி நேரம் பிரச்சாரத் தடை போட்டது. முதலமைச்சர் திருவொற்றியூர் மேடையில் தாயை நினைத்துக் கண் கலங்கினார். ஐந்து மாதத்துக்கு முன் துக்கம் விசாரிக்கப்பட்ட அதே தாய்!

உவமை எங்கிருந்து வந்தது என்று நான் ஆராயப் போவதில்லை. கைதட்டு விழும் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்தப் பேச்சாளரும் அப்படிப்பட்ட உவமையை மேடைக்குக் கொண்டுவருவதில்லை. அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது ஐம்பது ஆண்டுக் காலக் கூட்டங்கள். கட்சிக்குக் கட்சி நட்சத்திரப் பேச்சாளர் என்று ஒரு பதவி உண்டு. தலைவர் பேசக் கூடாததைத் தலைவரின் சம்மதத்தோடு பேசுவதற்கான பதவி அது. தலைவர் பொருளாதாரம் பேசுவார், மாநில சுயாட்சி பேசுவார், எட்டரை மணிக்கு வணக்கம் சொல்லிக் காரில் ஏறிவிடுவார். அதற்குப் பிறகுதான் நட்சத்திரப் பேச்சாளர் மைக்கைப் பிடிப்பார். சில ஊர்களில் முன்னெச்சரிக்கையாக, தாய்மார்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவிப்பே உண்டு. எவ்வளவு கண்ணியம் பாருங்கள்! பெண்களின் உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் பெண்களை அனுப்பிவிடுகிறார்கள்.

ஆண் அரசியல்வாதியைத் திட்டினாலும் வசவு அவனுடைய அம்மா மேல் விழும், மனைவி மேல் விழும், அவனோடு ஒரு படத்தில் நடித்த நடிகை மேல் விழும். அவன் சட்டையில் ஒரு துளி படாது. அரசியலுக்கு வந்த பெண்ணுக்கோ நேரடி விநியோகம். 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் கருணாநிதி நிதிநிலை அறிக்கை வாசிக்க எழுந்தபோது நடந்த அடிதடிக்கு இரண்டு கட்சியிலும் இரண்டு சரித்திரம் இருக்கிறது. முதலில் கை வைத்தது யார், புடவையைத் தொட்டது யார், தொடவே இல்லையா, எல்லாவற்றுக்கும் இரண்டு விடை. எதை நம்புவது என்பதை உங்கள் வீட்டு வாசலில் பறக்கும் கொடி முடிவு செய்யும். ஜெயலலிதா கலைந்த தலையோடு அவையை விட்டு வெளியேறினார் என்பதை மட்டும் இருவராலும் மாற்றி எழுத முடியவில்லை. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று கட்சிக்குக் கட்சி தகவல் தொழில்நுட்ப அணியில் உட்கார்ந்து, மாற்றுக் கட்சிப் பெண்களின் படத்தைக் கணினியில் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். கௌரவர் சபைக்கு இப்போது இணைய இணைப்பு வந்திருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை.

இனி கீழே இறங்கிப் பார்ப்போம். எந்த ஒன்றியமானாலும் சரி. கிளைச் செயலாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அக்காள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எதிர்க்கட்சி. தாய்மாமன் இல்லாமல் சடங்கு நடக்காது. போய்த்தான் ஆக வேண்டும். கரை வேட்டியை மாற்றிவிட்டு வெள்ளை வேட்டியில் போகிறார், அந்த அளவுக்கு விவரம் உள்ளவர்தான். சீர் வைக்கிறார், மொய் எழுதுகிறார், இரண்டாவது பந்தியில் உட்காருகிறார். எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளர் பக்கத்து இலையில் வந்து உட்காருகிறார். ரசம் நல்லா இருக்கு என்கிறார். இவரும் ஆமாங்க என்று சிரித்துவிடுகிறார். பாயசம் வருவதற்குள் அந்தச் சிரிப்பு மாவட்டச் செயலாளரின் வாட்ஸ்அப்பில் போய் விழுந்துவிடுகிறது.

"என்னய்யா, அவன் கூடச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?"

"அண்ணே, அக்கா பொண்ணு கல்யாணம்ணே. தாய்மாமன் சீர் செய்யப் போனேன்."

"சீர் செய்யப் போனவன் சீரைச் செஞ்சிட்டு வா. பல்லைக் காட்டச் சொல்லி யார் சொன்னா?"

உள்ளாட்சித் தேர்தலில் இவருக்குச் சீட்டு கிடையாது. அவருடைய வார்டை இன்னொருவர் கேட்டு ஏற்கெனவே தூது விட்டிருந்தார். அவர்தான் புகைப்படக் கலைஞர் என்பது பின்னால் தெரிய வரும். இது ஒரு குறிப்பிட்ட ஊரின் கதை இல்லை. அதனால்தான் இதைப் படிக்கும் பலருக்கு அந்த மாமனின் முகம் தெரிகிறது.

இப்போது அந்த மாவட்டச் செயலாளரைப் பாருங்கள். அவருடைய கிரஷரில் பாதிப் பங்கு யாருக்கு? மாற்றுக் கட்சி முன்னாள் அமைச்சரின் மைத்துனருக்கு. ஆட்சி மாறினாலும் ஜல்லி நிற்காமல் உடைய வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்பது தொழில் அறிவு. இருவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி. சாயங்காலம் இருவரும் ஒரே கிளப்பில் சீட்டாடுவார்கள், சிரிப்பார்கள், யாரும் படம் எடுக்க மாட்டார்கள். சாதி கடந்து, மதம் கடந்து, கட்சி கடந்து மனிதர்கள் ஒன்றுபடுவதைக் காண வேண்டுமா? மணிமேகலையையும் வள்ளலாரையும் தேடிப் போக வேண்டாம். ஒப்பந்தப் புள்ளி திறக்கும் நாளில் மாவட்டத் தலைநகருக்குப் போனால் போதும்.

சிரிப்பதற்கு இப்படி மேலே அனுமதியும் கீழே தடையும் இருப்பதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். போக முடியாமல் சில பிணங்கள் குறுக்கே கிடக்கின்றன.

1993இல் வைகோ தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டபோது அதைத் தாங்காமல் ஐந்து தொண்டர்கள் தீக்குளித்து இறந்தார்கள். ஆறே ஆண்டில், 1999 மக்களவைத் தேர்தலில், தி.மு.க.வும் ம.தி.மு.க.வும் ஒரே அணி. 2002இல் ஜெயலலிதா அரசு வைகோவைப் பொடா சட்டத்தில் பிடித்து வேலூர்ச் சிறையில் 19 மாதம் வைத்தது. 2006இல் அவர் ஜெயலலிதாவோடு கூட்டணி. 2019இல் அவருடைய கட்சிக்காரர் ஈரோட்டில் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று வென்றார். நான் இதில் வைகோவைத் தனியாகப் பிடித்து ஆடவில்லை. கூட்டணி மாறாத கட்சி என்று ஒன்றை இந்த மாநிலத்தில் காட்ட வேண்டுமானால் கூட்டணியே வைக்காத கட்சியைத்தான் காட்ட வேண்டும். பகைவரோடு கை கோப்பது அரசியலில் பாவமும் அல்ல. ஆனால் அந்த ஐந்து பேருக்கு ஒருவர்கூட முன்னாலேயே சொல்லவில்லையே! தம்பி, இது ஆறு வருஷத்துப் பகைதான், அதற்குப் பிறகு ஒரே மேடையில் மாலை மாற்றிக்கொள்வோம், மண்ணெண்ணெய்க் கேனைக் கீழே வை என்று சொல்ல ஒரு நாகரிகவான் இல்லாமல் போனானே!

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்தது. தர்மபுரி அருகே கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்துக்கு அ.தி.மு.க.வினர் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் உள்ளேயே எரிந்து போனார்கள். அவர்கள் நீதிபதிகள் இல்லை. வாதாடிய வழக்கறிஞர்கள் இல்லை. எந்தக் கட்சியும் இல்லை. கல்விச் சுற்றுலா போய்த் திரும்பிய பிள்ளைகள். அடுத்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கிலிருந்து ஜெயலலிதாவை விடுவித்தது. 2002இல் அவர் மீண்டும் முதல்வர். தீ வைத்தவர்களில் மூன்று பேருக்குத் தூக்கு, பிறகு ஆயுள், 2018இல் விடுதலை. யாருக்காகத் தீ வைத்தார்களோ அவருக்கு அந்தத் தீயால் ஒரு நாள் தண்டனைகூடக் குறையவில்லை. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் சாதித்ததைத்தான் அவர் பெற்றார். மேலே இருக்கிறவர்களுக்குப் பகை என்பது வக்கீல் கட்டணத்தோடு முடிகிற விஷயம். கீழே அது எரிந்த பேருந்து, மூன்று வீடுகளில் மாலை போட்ட படம், வேறு மூன்று வீடுகளில் வேலூர்ச் சிறைக்குப் போய்வந்து தேய்ந்த பெண்கள்.

பழைய கணக்கும் இதேதான். 1977இல் மதுரைக்கு வந்த இந்திரா காந்திக்குத் தி.மு.க. கறுப்புக் கொடி காட்டியது. நெருக்கடி நிலையில் சிறையில் அடி வாங்கிய கட்சி, கோபத்துக்குக் காரணம் இருந்தது. கல்வீச்சில் பழ.நெடுமாறன் குறுக்கே நின்று அவரைக் காத்தார். 1980 தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கூட்டணி. 2023 செப்டம்பர் 25 அன்று பா.ஜ.க.வோடு உறவு முறிந்தது என்று அ.தி.மு.க. அறிவித்ததும் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் தொண்டர்கள் பட்டாசு வெடித்தார்கள். 2025 ஏப்ரல் 11 அன்று அமித் ஷா சென்னைக்கு வந்து பக்கத்தில் எடப்பாடியை உட்காரவைத்துக் கூட்டணியை அறிவித்தார். பட்டாசுக்குக் காசு கொடுத்த தொண்டர் எந்தப் பட்டியலில் எழுதி அதைத் திரும்ப வாங்குவார்? இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் இரு கட்சித் தொண்டர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் முகநூலில் எழுதியவை எழுதியபடியே கிடக்கின்றன. தலைவர்கள் சமாதானமானால் தொண்டன் செய்ய வேண்டிய முதல் வேலை பழைய பதிவுகளை அழிப்பது. வெட்கத்தை அழிக்க எந்தச் செயலியிலும் பொத்தான் வைக்கவில்லை, அதனால் அது தேவைப்படாமலே பழகிக்கொள்கிறார்.

மனிதர்களைப் பகைத்து முடிந்ததும் கட்டிடங்கள், அதன்பின் காகிதம். கருணாநிதி ஆட்சி ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டியது, ஜெயலலிதா ஆட்சி அதை மருத்துவமனையாக்கியது. மருத்துவமனை வந்தது நல்லதுதான். ஆனால் மருத்துவமனைக்கென்று யாரும் சட்டமன்ற வடிவத்தில் வட்டக் கட்டிடம் கட்ட மாட்டார்கள். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் குழந்தைகள் மருத்துவமனையாக்குவோம் என்றார்கள். நீதிமன்றம் குறுக்கே வந்ததால் புத்தகங்கள் பிழைத்தன. அரசின் கருத்துப்படி தமிழ்நாட்டில் நோயாளிகள் எல்லோரும் முந்தைய ஆட்சிக் கட்டிடத்தில் படுத்தால்தான் குணமாவார்கள் போலிருக்கிறது.

ஆனால் எனக்கு மறக்காதது 2011 ஜூன். சமச்சீர்க் கல்விப் பாடநூல்கள் அச்சாகித் தயாராக இருந்தன. ஆட்சி மாறியது. புத்தகம் வேண்டாம் என்றது புதிய அரசு. வழக்கு உயர் நீதிமன்றம் போய் உச்ச நீதிமன்றம் போய், ஆகஸ்ட் 9 அன்றுதான் அதே புத்தகத்தைக் கொடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. அதுவரை ஏறக்குறைய இரண்டு மாதம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பாடநூல் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம் வந்தபோது கருணாநிதி தென்பட்ட இடங்களில் எல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது, கறுப்பு மை பூசியிருந்தது. மாநிலம் முழுக்க ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒட்டினார்கள். ஒட்டியதை உரித்துப் பார்க்காத பிள்ளை எந்தப் பள்ளியிலாவது இருந்திருக்குமா? வேறெந்தப் பக்கத்தையும் தமிழ்ப் பிள்ளைகள் அவ்வளவு ஆர்வமாகப் படித்திருக்க மாட்டார்கள். அரசாங்கம் கற்றுக்கொடுத்த முதல் பாடம், பிடிக்காத ஆளின் மேல் பசை தடவு என்பது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஓட்டு இருக்கிறது, கையில் செல்போன் இருக்கிறது, பாடத்தை மறக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 மே மாதம் தி.மு.க. வென்ற சில நாளிலேயே முகப்பேரில் இருந்த அம்மா உணவகத்துக்குள் கட்சிக்காரர்கள் புகுந்து பலகையைப் பிய்த்து எறிந்தார்கள். இட்லி ஒரு ரூபாய்க்குக் கிடைத்த இடம் அது. அங்கே சாப்பிட வருகிறவன் எந்தக் கட்சி என்று சாம்பாருக்குத் தெரியாது. ஸ்டாலின் உடனே அவர்களைக் கட்சியை விட்டு நீக்கினார், பலகை திரும்ப மாட்டப்பட்டது. அதே ஆண்டு, ஜெயலலிதா படமும் எடப்பாடி படமும் அச்சிட்ட சுமார் 65 லட்சம் பள்ளிப் பைகளை அப்படியே கொடுத்துவிடுங்கள் என்றார். 13 கோடி ரூபாய் மிச்சம் என்று அமைச்சர் அன்பில் மகேஷ் சட்டமன்றத்தில் சொன்னார். பாராட்டுகிறேன், முழு மனதோடு. கூடவே ஒரு கணக்கும் கிடைத்ததற்கு நன்றி சொல்கிறேன். ஒரு படத்தைக் கிழிக்காமல் விட்டதற்கே 13 கோடி மிச்சமென்றால், இத்தனை ஆண்டில் கிழித்தவற்றுக்கும் பூசியவற்றுக்கும் இடம் மாற்றியவற்றுக்கும் பில் எவ்வளவு? அதில் என் பங்கு, உங்கள் பங்கு எவ்வளவு? பைகளில் படத்தை அச்சடிக்காமலே இருந்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் நாகரிகக் குறைவாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

இணையத்துக்கு வருவோம், வந்த வேகத்தில் போய்விடுவோம். அங்கே அதிக நேரம் நின்றால் குளிக்க வேண்டியிருக்கும். தி.மு.க.காரன் என்றால் இருநூறு ரூபாய் உபி. பா.ஜ.க.காரன் சங்கி. அ.தி.மு.க.காரன் அடிமை. நாம் தமிழர் தம்பி தும்பி. விஜய் கட்சிக்காரன் அணில், தற்குறி. மறுபேச்சுக்கே இடமில்லை, மனிதர்களை ஐந்து டப்பாவில் போட்டு மூடியாயிற்று. சித்தப்பா ஒரு டப்பா, சித்தப்பா மகன் இன்னொரு டப்பா. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பத் தொடங்கிய குடும்பக் குழுவிலிருந்து தைப்பூசத்துக்குள் நான்கு பேர் வெளியேறியிருப்பார்கள். குழுவை நடத்தும் அத்தை மட்டும் எல்லோருக்கும் தனித்தனியே காலை வணக்கம் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருப்பார். இந்த மாநிலத்தில் ஐக்கிய நாடுகள் சபை வேலை பார்ப்பது இப்போது அத்தைகள்தான்.

டப்பாவில் அடைப்பது எதில் போய் முடிகிறது என்பதை 2025 செப்டம்பர் 27 இரவு கரூரில் பார்த்தோம். வேலுசாமிபுரத்தில் விஜய் பேசிய கூட்டத்தில் நெரிசல். 41 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மருத்துவமனை வாசலில் தகப்பன்கள் பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லித் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பக்கத்துச் செல்போன்களும் தீர்ப்பு எழுதி முடித்திருந்தன. ஒரு பக்கம் அரசின் சதி என்றது. மறுபக்கம் நடிகன் செய்த கொலை என்றது. அந்த இடம் எத்தனை பேரைத் தாங்கும், அனுமதி கொடுத்தவர் எதை அளந்து கொடுத்தார், தலைவர் ஏன் அத்தனை மணி நேரம் தாமதமாக வந்தார், ஆம்புலன்ஸ் நுழைய வழி எங்கே விட்டிருந்தார்கள், காத்திருந்தவர்களுக்குத் தண்ணீர் யார் கொடுத்தார்கள்? கேட்க வேண்டியவை இவை. இவற்றைக் கேட்டால் பதில் சொல்ல இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள், அதனாலேயே கேட்கவிடாமல் இரண்டு பக்கமும் கூச்சல் போட்டது. இன்னும் கீழே ஒரு கூட்டம் இருந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூத்தாடியைப் பார்க்கப் போனவளுக்கு இது வேண்டியதுதான் என்று எழுதியது. செத்தவளையும் விடவில்லை, அவளையும் தற்குறி டப்பாவில்தான் புதைத்தது. எழுதியவர்கள் வேற்று நாட்டார் அல்ல. மறுநாள் காலை நம் பக்கத்தில் நின்று டீ குடித்தவர்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் மேலிருந்து ஓர் உபதேசம் மட்டும் தவறாமல் வரும்: நாகரிகமாகப் பேசுங்கள். எப்போது வரும் என்று கவனியுங்கள். நட்சத்திரப் பேச்சாளர் அம்மாவை இழுக்கும்போது வராது. சாலை போட்ட மூன்றாம் மாதம் பெயர்ந்தது ஏன் என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டால் வரும். துப்புரவுத் தொழிலாளி நிலுவைச் சம்பளத்தைக் கேட்டால் வரும். செய்தியாளர் சொத்துக் கணக்கைக் கேட்டால் அவசரமாக வரும். ஆக, வசவுக்குத் தடையில்லை, கேள்விக்குத்தான் தடை.

இந்த இடத்தில் யாராவது பெரியாரையும் ராஜாஜியையும் எடுத்து வைப்பார்கள். ஆண்டுக்கு நான்கு முறை எல்லாக் கட்சிக் கருத்தரங்கிலும் எடுத்துத் துடைத்துத் திரும்ப உள்ளே வைக்கும் கதை. 1949இல் தன் திருமண ஏற்பாடு பற்றிப் பெரியார் தன் எதிரியான ராஜாஜியிடம் யோசனை கேட்டார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் போய்க் கலங்கி அழுதார். எல்லாம் உண்மை. ஆனால் பாதி உண்மை. மறுபாதியை மேடையில் சொல்ல மாட்டார்கள். 1953இல் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பேர் வைத்து, நண்பராயிற்றே என்று இம்மியும் பார்க்காமல் ஊர் ஊராய்ப் போய் அடித்தார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். பெரியாரின் நாக்கு தேன் தடவிய நாக்கு அல்ல, ராஜாஜியும் வளைந்து கொடுக்கிறவர் அல்ல. 1967இலும் இருவரும் எதிரெதிர் அணி. கொள்கையில் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவே இல்லை, அதனால்தான் அந்த அழுகைக்கு மதிப்பு. நம் ஆட்களுடையது தலைகீழ். கொள்கையில் ஈரத் துணி போலக் கிடப்பார்கள், வசவில் வாளை உருவுவார்கள். குவாரியில் சமரசம், குடும்பத்துப் பெண்கள் மேல் போர். இவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டால் எனக்கு மனம் குளிர்வதில்லை, எந்த ஒப்பந்தம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே மேலே இருப்பவர்களுக்கு நாகரிகம் கற்பிக்க நான் வரவில்லை. அவர்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. கேட்பது முன்வரிசைத் தொண்டனைத்தான். அண்ணே, உங்களுக்கு அக்காள் மகள் கல்யாணத்தில் சிரித்ததற்குச் சீட்டு கிழிந்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இரட்டை இலை, நீங்கள் உதயசூரியன். இருவர் வீட்டுக்கும் ஒரே தண்ணீர் லாரி, வராத நாளும் ஒன்றே. கொடிக்கம்பத் தகராறில் இருவர் மேலும் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது, ஒரே நாளில் வாய்தா, ஒரே பேருந்தில்தான் கோர்ட்டுக்குப் போகிறீர்கள், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. போகும்போது பேசுங்கள். ரசத்தைப் பற்றிப் பேசினாலும் சரி, லாரியைப் பற்றிப் பேசினால் இன்னும் நல்லது. கொள்கையில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்க வேண்டாம். அவர் ஆட்சியில் போட்ட சாலையையும் உங்கள் ஆட்சியில் போட்ட சாலையையும் இருவரும் சேர்ந்தே போய் ஒரு நாள் அளந்து பாருங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இரவு ஒன்பதரை மணிக்கு நட்சத்திரப் பேச்சாளர் வருவார். தொண்டையைச் செருமுவார். தாய்மார்கள் போகலாம் என்பார். எதிர்க்கட்சித் தலைவரின் வீட்டுக்குள் புகுந்து, அம்மாவைத் தொட்டு, மனைவியைத் தொட்டு, மகளை நெருங்குவார். அந்த நேரத்தில் கைதட்டாமல் எழுந்து, மைக் இல்லாமலே கேட்கும்படி ஒரு கேள்வி கேளுங்கள்:

"அண்ணே, போன மாசம் அதே வீட்டுக் கல்யாணத்துக்கு நம்ம மாவட்டம் போனாரே, மொய் எவ்வளவு எழுதினாரு?"